'பேசினால்' என்பதில் உள்ள இறந்தகாலம்

ஸ்பானிய மொழியின் 'சப்ஜங்டிவ்' தமிழில் இல்லையாம். ஆகவே அம்மொழி நாவல்கள் தமிழில் பாதிதான் வருமாம். வேங்கிக்காலில் கூடி வாசிக்கும் நாங்கள் இதை ஏற்கவில்லை.

'ஆப்லாரோன்' என்றால் பேசினார்கள். அதில் 'ரோன்' நீக்கி 'ரா' சேர்த்தால் 'ஆப்லாரா'. ('ஆப்லாஸே' என்றும் சொல்வதுண்டு.) நடவாததைச் சொல்ல, நடந்ததன் அடியை எடுக்கிறார்கள். தமிழ் வேறென்ன செய்கிறது? பேசினான், பேசினால், போனான், போனால், செத்தான், செத்தால்!

சிக்கல் வேறிடத்தில். பேசக்கூடுமெனில் 'ஆப்லா', பேசுவது ஐயமெனில் 'ஆப்லாரா' என்று ஸ்பானியம் பிரிக்கும். நம் 'பேசினால்' இரண்டையும் சுமக்கும். ஐயத்தை வாக்கியத்தின் வேறிடத்தில் ஏற்றவேண்டும்: 'அவன் மட்டும் பேசினால்'. அந்த 'மட்டும்' போடச் சோம்புகிறவர்கள்தாம் தமிழுக்கு இலக்கணம் போதவில்லை என்கிறார்கள்.