பிரிண்டர் ஒன்று, பெயர் இரண்டு!

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே கரிசல் காட்டில் இருக்கும் ஊர் குருவிகுளம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். இது போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் பட்டா நகலுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். இன்று பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாமே இணையத்தில் கிடைக்கின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் விவசாயியின் கைக்கு வருவது இணையம் அல்ல, ஒரு தாள்! அந்தத் தாளில் எழுத்து தெளிவாக விழ வேண்டாமா?

புலப்படத்தில் நிலத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அளவு பொடி எண்களில் இருக்கும். அதில் 8 என்பது 6 போலத் தெரிந்தால் வரப்புச் சண்டைதான். தமிழ் எழுத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளி சிறியது. அது மங்கினால் 'முருகன்' என்ற பெயர் 'முருகன' ஆகிவிடும்.

பல கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நெட்வொர்க் பிரிண்டர் இருக்கும் இடங்களில், "டோனர் மிச்சமாகும்" என்று ரெசல்யூஷனைக் குறைத்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. இது தப்புக் கணக்கு.

ரெசல்யூஷன் என்பது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் என்பதுதான். இதை டிபிஐ என்பார்கள். ஏ4 தாள் முழுவதற்கும் 300 டிபிஐயில் சுமார் 87 லட்சம் புள்ளிகள். 600 டிபிஐயில் சுமார் 3.5 கோடி. நான்கு மடங்கு! ஆனால் டோனர் நான்கு மடங்கு ஆகாது. ஏனென்றால் புள்ளியின் அளவும் சிறுத்துவிடுகிறது. டோனர் செலவு, தாளில் எவ்வளவு பரப்பு கறுப்பாகிறது என்பதைப் பொறுத்தது. ரெசல்யூஷனைக் குறைத்தால் மிச்சமாவது முக்கியமாக நெட்வொர்க்கில் போகும் டேட்டாவும் பிரிண்டரின் நினைவகமும்தான். டோனரை மிச்சப்படுத்த 'டோனர் சேவ்' என்று தனி வசதி உண்டு. அது எழுத்தையே வெளிற வைக்கும். ஆவணத்துக்கு அதுவும் ஆகாது.

சரி, எல்லாவற்றையும் 1200 டிபிஐயில் அடித்துவிடலாமா? அதுவும் வீண். வாட்ஸப்பில் வந்த மங்கலான படத்தை எத்தனை டிபிஐயில் அடித்தாலும் மங்கல்தான். பழைய பிரிண்டர் பெரிய கோப்பில் திணறி நிற்கும், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மாற்றச் சொன்னால் மறந்துவிடுவார்கள். பிரிண்டரின் பட்டனை அமுக்கியும் பலன் குறைவு. பெரும்பாலும் கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர் சொல்வதே செல்லும். எனவே பிரிண்டரைப் பகிரும் கம்ப்யூட்டரிலேயே முடிவு செய்வதுதான் சரி. ஒரே பிரிண்டரை இரண்டு பெயரில் சேர்க்க முடியும். 'ஆவணம்' என்ற பெயருக்கு 600 டிபிஐ, டோனர் சேவ் கிடையாது. 'வரைவு' என்ற பெயருக்கு 300 டிபிஐ. அனுப்புபவர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

விண்டோஸில் 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்' மாற்றினால் அந்தப் பயனருக்கு மட்டும்தான் மாறும். 'அட்வான்ஸ்டு' பகுதியில் உள்ள 'பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்' தான் பொதுவானது. லினக்ஸில் கப்ஸ் மென்பொருள் இதையே செய்கிறது. 1999-ல் வெளிவந்த அது இலவசம்தான். ஆக, செலவு ஒரு பைசா இல்லை, பத்து நிமிட வேலை.

மங்கலான தாளைத் திருப்பி அனுப்பினால், குருவிகுளத்துக்காரர் மறுபடி பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். சொட்டு டோனரை மிச்சம் பிடிப்பவர்கள், அந்த ஒரு நாள் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.