குளவிக்கு மகன் பெயர்

புதிதாகக் கண்ட பூச்சிக்கு வேண்டியவர் பெயரை வைப்பது தற்பெருமை என்றார் ஒரு நண்பர். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பிரெஞ்சு வழியில் படித்ததால் ழான் ஆன்றி ஃபாபரை மூலத்திலேயே படிக்க வாய்த்தது. தனிக்குளவிகள் கூட்டமாக வாழ்வதில்லை. பெண் குளவி தானே வளை தோண்டி, இரையைக் கொட்டி அசைய முடியாமல் செய்து, புழுவுக்கு வைத்துவிட்டுப் போகும். இவற்றைத் தேடி அலைந்த ஃபாபருக்குத் துணை நின்றவன் மகன் ழூல். 1877-இல் 16 வயதில் இறந்துபோனான். 1879-இல் வெளிவந்த முதல் தொகுதியின் கடைசியில், புதிய இனங்கள் என்று சில குளவிகளை விவரித்து, அவற்றுக்கு அவன் பெயரைச் சூட்டினார் தகப்பனார். நீளம், நிறம் எல்லாம் ஆபீஸ் குறிப்பு மாதிரி எழுதியிருக்கிறார். துயரம் பெயரில் இருக்கிறது, அளவுகளில் கலக்கவில்லை.

அதே இனத்தை வேறொருவர் முன்பே விவரித்திருந்தால் பழைய பெயர்தான் நிற்கும் என்பது விலங்கியல் விதி. ஆகவே சூட்டிய பெயர் நிலைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பார்த்து எழுதியது மட்டும் நிலைக்கும்.

கண்ணால் பார்த்து, அளந்து எழுதியவர் யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கட்டும். பார்க்காமல் வைப்பவரைத்தான் கேட்க வேண்டும்.