கையில் கிரீஸ் பட்டால் பட்டம் கறைபடுமா?

மிதிவண்டி நம் சமுதாயத்திற்குப் புதிய பொருளன்று. மந்தின், பாஜம், லெங்கெங், நீலாய் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போனதும், வெட்டி முடித்துப் பால் வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பியதும் மிதிவண்டியில்தான் என்று சொல்வார்கள். லயத்தில் ஒருவர் ராலே வண்டி வைத்திருந்தால் அவருக்குத் தனி மதிப்பு இருந்தது. அந்த வண்டி பழுதானால் பட்டணத்துத் தவுக்கே கடைக்கு உடனே ஓடமாட்டார்கள். பஞ்சர் ஒட்டுவது, குண்டு மாற்றுவது, கோணிய சக்கரத்தைக் கம்பி முடுக்கி நேராக்குவது எல்லாம் வீட்டு வாசலிலேயே நடந்தன.

அந்த ரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டது. மிதிவண்டி மட்டும் வேறு கோலத்தில் திரும்பி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரம்பானிலிருந்து புக்கிட் மந்தின் வளைவுகளில் ஏறி வரும் பழைய சாலையைப் பாருங்கள். லெங்கெங், புரோகா செல்லும் பாதையைப் பாருங்கள். கார்பன் வண்டிகளில் கூட்டம் கூட்டமாகச் செல்கிறார்கள். அவர்களுள் நானும் ஒருவன். கணக்கியல் படித்துப் பட்டம் பெற்று அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான், கடந்த ஆண்டு ஒரு வெறும் கார்பன் சட்டகத்தை வாங்கி, மந்தினில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் வைத்து, ஒவ்வொரு பாகமாகப் பூட்டி ஒரு முழு வண்டியை உருவாக்கினேன்.

அதைக் கண்ட அம்மா கேட்டார்: "ஏன்யா, இவ்வளவு படிச்சிட்டு இப்படிக் கையெல்லாம் கிரீஸா உட்கார்ந்திருக்கியே, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

இந்தக் கேள்வி என் அம்மாவுக்கு மட்டும் சொந்தமானதன்று. நம் சமுதாயமே தன் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. இதற்குப் பதில் தேடவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெறும் சட்டகத்திலிருந்து வண்டி கட்டுவதால் பொதுவாகப் பணம் மிச்சமாவதில்லை. தயாரிப்பு நிறுவனங்கள் பாகங்களை மொத்தமாக வாங்குகின்றன. நாமோ ஒவ்வொன்றாகச் சில்லறை விலைக்கு வாங்குகிறோம். ஆகவே, முழு வண்டியாக வாங்குவதே பெரும்பாலும் மலிவு. பிறகு ஏன் இந்த வேலை? கட்டி முடிக்கும்போது வண்டியோடு சேர்ந்து ஒரு கல்வியும் நம் கைக்கு வருகிறது. அந்தக் கல்வியை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

கார்பன் சட்டகம் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கூடு. கரியிழைத் துணியையும் பிசினையும் அச்சுக்குள் அடுக்கடுக்காக வைத்துச் சூடேற்றி இறுக வைக்கிறார்கள். இழைக்கு அதன் நீளவாக்கில்தான் வலிமை அதிகம். அதனால் அடுக்குகளைப் பல கோணங்களில் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். இரும்பு அடிபட்டால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கார்பனோ வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கக்கூடும். என்னுடையது மற்றொரு மிதிவண்டி ஆர்வலரிடம் வாங்கிய பழைய சட்டகம். எனவே விளக்கொளியில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். நாணயத்தால் தட்டித் தட்டி ஓசையைக் கேட்டேன். ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாக வந்தால் அங்கே ஐயப்பட வேண்டும். வேலை செய்வதற்காகச் சட்டகத்தைத் தாங்கியில் பொருத்தும்போதும் அதன் குழாயைப் பிடியில் வைத்து இறுக்கக்கூடாது. இருக்கைத் தண்டைத்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது, மிதிகட்டைகளின் அச்சு சுழலும் கூடு. இதற்குப் பல அளவுகள் உண்டு. சிலவற்றில் மரை இருக்கும், சிலவற்றை அழுத்திப் பொருத்த வேண்டும். சட்டகத்துக்கு எது என்று தெரியாமல் பாகம் வாங்கினால் காசு வீண். மரை உள்ள கூடுகளில் மிகப் பரவலான வகையில், சங்கிலி இருக்கும் வலப்பக்கக் கப்பு இடஞ்சுழியாக இறுகும். மிதிகட்டையிலோ இடப்பக்கத்துக்குத்தான் தலைகீழ் மரை. ஏன் இப்படி? ஒரு பென்சிலைத் தளர்வாக மூடிய கைக்குள் விட்டு, அதன் வெளிமுனையை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். நீங்கள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் பென்சில் தன்னைத்தானே உருட்டிக்கொள்ளும். சுமை தாங்கிச் சுற்றும் அச்சிலும் இதுவே நடக்கிறது. மரையின் திசையைச் சரியாக வைக்காவிட்டால் மிதிக்க மிதிக்க அது கழன்றுவிடும்.

இடப்பக்க மிதிகட்டைக்குத் தலைகீழ் மரை வைக்கும் வழக்கத்துக்கு ரைட் சகோதரர்களைப் பெருமைப்படுத்துவார்கள். 1900-ஆம் ஆண்டு அவர்கள் செய்த மிதிவண்டிகளில் அது இருந்தது. 1892-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை திறந்த அவ்விருவரும் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். 1903-இல் அவர்கள் பறக்கவிட்ட விமானத்தின் சுழல்விசிறிகளைச் சுற்றியது சங்கிலியும் பற்சக்கரமும்தான். அதன் எந்திரத்தைச் செய்து கொடுத்தவர் அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்னும் தொழிலாளி. வானத்தை முதலில் தொட்ட கைகளில் கிரீஸ் இருந்தது என்றால் மிகையாகாது.

மீண்டும் வண்டிக்கு வருவோம். முன் கவையின் தண்டை நம் உடலுக்கேற்ற உயரத்தில் வெட்ட வேண்டும். வெட்டியதை ஒட்ட முடியாது. ஆகவே, தேவைக்கு மேல் சற்று விட்டே வெட்டுவது நல்லது. கரித்தூள் நுரையீரலுக்குக் கேடு; இரம்பத்தையும் வெட்டும் இடத்தையும் ஈரமாக்கி, முகக்கவசம் அணிந்து வெட்ட வேண்டும். பொருத்தும்போது மேல்மூடியை முதலில் முடுக்கி ஆட்டத்தை நீக்கிய பிறகே கைப்பிடித் தண்டின் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஆட்டம் போகாது.

இறுக்குவதிலும் கணக்கு உண்டு. கைப்பிடித் தண்டின் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவு குறிப்பிட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்குவிசை அது. பின் பற்சக்கரங்களின் பூட்டு வளையத்துக்கோ 40 நியூட்டன் மீட்டர், அதாவது எட்டு மடங்கு. எல்லாவற்றையும் ஒரே பலத்தில் இறுக்கினால் ஒன்று கழலும், மற்றொன்று நொறுங்கும். இருக்கைத் தண்டுக்குக் கிரீஸுக்குப் பதிலாக மணல் கலந்தது போன்ற ஒரு பசையைப் பூசுகிறோம். அது குறைந்த இறுக்கத்திலேயே தண்டை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். பள்ளிப் பாடத்தில் நான் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய முறுக்குவிசையை என் மணிக்கட்டு உணர்ந்தது அன்றுதான். புக்கிட் மந்தினில் வேகமாக இறங்கும்போது, கைப்பிடியைத் தாங்குவது நான் இறுக்கிய அந்தச் சில போல்ட்டுகளே. அங்கே பாதி மதிப்பெண் கிடையாது.

இந்த வேலையில் எனக்கு ஆசிரியராக அமைந்தவர் என் அப்பா. தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகப் பல ஆண்டுகள் உழைத்தவர். கார்பனை அவர் அதற்குமுன் தொட்டதில்லை. சட்டகத்தைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இறுக்கினா எவ்வளவு தாங்கும்?" கார்பன் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துத்தான் நான் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்திருந்தேன். பிறகு முன் கவையைப் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு, இரு விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தார். "உள்ளே மணல் இருக்கு, பேரிங்கை மாத்து" என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. கழற்றிப் பார்த்தபோது கீழ்ப் பேரிங்கு துருவேறி இருந்தது.

அப்பாவின் விரல்களில் இருக்கும் அந்த அறிவுக்குச் சான்றிதழ் கிடையாது. சமுதாய மேடைகளில் அதற்குப் பொன்னாடையும் கிடையாது. பிள்ளைகளிடம் "நீயும் அப்பாவைப் போல் கற்றுக்கொள்" என்று சொல்லும் வழக்கமும் இல்லை; "அப்பாவைப் போல் ஆகிவிடாதே" என்றுதான் சொல்கிறோம்.

இந்த இடத்தில் மறுப்பு ஒன்று எழும். அது நியாயமான மறுப்பும்கூட. "நம் முன்னோர் கையால் உழைத்து என்ன கண்டார்கள்? பேனா பிடிக்கத்தானே நம்மைப் படிக்க வைத்தார்கள்? மீண்டும் கிரீஸுக்கே போகச் சொல்கிறீரா?" என்று கேட்கலாம். அவர்கள் வலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அவர்களை வாட்டியது எது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெட்டிய மரம் அவர்களுடையதன்று. குடியிருந்த லயம் அவர்களுடையதன்று. கூலியை முடிவு செய்யும் உரிமையும் அவர்களிடம் இல்லை. தோட்டம் கைமாறியபோது வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. கை உழைப்பு அவர்களைத் தாழ்த்தவில்லை. உரிமையற்ற உழைப்புதான் தாழ்த்தியது. நாம் தோட்டத்தை விட்டு வெளியேறிய அவசரத்தில் அந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிந்துவிட்டோம்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் கதை நமக்குத் தெரியும். ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டித்தான் அவர் எந்திரவியல் கற்றார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். பேருந்து நிறுவனம் நடத்தினார், மின்விசைப் பொறி செய்தார், 1945-இல் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்கவும் முன்நின்றார். அவரைப் பற்றி மேடையில் பேசிக் கைத்தட்டல் வாங்குகிறோம். நம் வீட்டுப் பிள்ளை வானொலிப் பெட்டியைப் பிரித்தால் முதுகில் அடி வைக்கிறோம்.

இது வெறும் பேச்சன்று. என் சித்தி மகன் மூன்றாம் படிவத்தில் இருக்கிறான். நான் வண்டி கட்டிய நாள்களில் அருகிலேயே அமர்ந்து, கியர் கம்பியின் இழுவையைக் கால் சுற்று, அரைச் சுற்று எனத் திருகிச் சங்கிலியைச் சரியான பல்லில் நிற்க வைத்தவன் அவன்தான். தொழிற்கல்விக் கல்லூரிக்கு மனுச் செய்ய விரும்புகிறான். "படிப்பு வராத பிள்ளைங்க போற இடம் அது" என்று குடும்பத்தில் எதிர்ப்பு. அங்கிருந்து தொழிற்கல்வி டிப்ளோமாவுக்குச் செல்லலாம். மலேசியத் திறன் சான்றிதழ் வழியாகவும், போர்ட்டிக்சன் பாலிடெக்னிக் போன்ற கல்விக்கூடங்கள் வழியாகவும் மேலே ஏறலாம். தகுதி பெற்றால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பட்டம் வரை பாதை உண்டு. இவற்றை வீட்டில் எடுத்துச் சொன்னேன். தொழில் கற்றவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் குறைவாக இருக்கலாம் என்ற சித்தியின் அச்சம் பொய்யன்று என்பதையும் ஒப்புக்கொண்டேன். ஆனால், விருப்பமில்லாத துறையில் பட்டம் பெற்றுத் தொடர்பில்லாத வேலையில் அமர்வோரும் நம்மிடையே இருக்கிறார்களே! சித்தி இன்னும் முடிவு சொல்லவில்லை. இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்களோ!

எல்லாரும் பட்டத்தைத் துறந்து பட்டறைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டறையை விரும்பிப் போகிறவனைப் பாவமாகப் பார்க்காதீர்கள் என்கிறேன். பட்டதாரியும் ஒரு பொருளையாவது பிரித்துப் பூட்டத் தெரிந்தவனாக இருக்கட்டும் என்கிறேன். அதற்குக் கார்பன் தேவையில்லை. வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய இரும்பு வண்டி போதும். அதுவும் அதே பாடத்தைத்தான் நடத்தும்.

நம் தமிழ்மொழிக் கழகம் இதில் என்ன செய்யலாம்? ஆண்டுக்கு ஒரு நாள் பட்டிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையும் நடத்தலாம். ஓய்வுபெற்ற தோட்டத்து ஃபிட்டர்களை அழைத்து, நம் மாணவர்களையும் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையும் அவர்கள் முன் அமர்த்தலாம். அவர்கள் வாயில் வழங்கும் சொற்களைத் தொகுக்கலாம். அப்பா கப்பு என்கிறார், குண்டு என்கிறார், மரை என்கிறார், ஸ்பேனர் என்கிறார். நான் சட்டகம் என்கிறேன், முன் கவை என்கிறேன். இரண்டும் ஒரே பட்டியலில் இடம்பெறட்டும். கலைச்சொல் அகராதியில் மட்டும் வாழும் சொல்லுக்கு ஆயுள் குறைவு. வேலை செய்யும் கையோடு சேர்ந்த சொல்லே நிலைக்கும். நம் மொழியில் ஒரு வண்டியை முழுமையாகப் பூட்டி முடிக்கும் மாணவன், தமிழ் அறிவியலுக்கு உதவுமா என்று பிறகு ஐயப்படமாட்டான்.

மாணவ நண்பர்களே! பட்டம் நமக்குப் பெருமைதான். அந்தப் பட்டத்தை வாங்க உழைத்த கைகளும் அதே அளவு பெருமைக்குரியவை. அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்: சவர்க்காரம் போட்டுக் கழுவினால் கிரீஸ் போய்விடும், கற்றுக்கொண்டது போகாது.