அமெரிக்க முற்போக்கு அரசியல் வலையொலிகள்

அமெரிக்க முற்போக்கு அரசியல் வலையொலிகள் என்பவை ஐக்கிய அமெரிக்காவின் இடதுசாரி, தாராளவாதக் கருத்துகளை முன்வைத்து இணையவழி வெளியாகும் ஒலித் தொடர்கள் (பாட்காஸ்ட்) ஆகும்.

ஒலிபரப்பாளர்கள் மாற்றுக் கருத்துகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்ற விதி 1987 இல் நீக்கப்பட்டபின், பேச்சு வானொலியில் ரஷ் லிம்பா போன்ற பழமைவாதிகளே மேலோங்கினர். அதற்கு மாற்றாக 2004 இல் தொடங்கப்பட்ட ஏர் அமெரிக்கா என்னும் வானொலி வலையமைப்பு நிதி நெருக்கடியால் 2010 இல் மூடப்பட்டது.

வலையொலிக்கு நிலையமோ அலைவரிசையோ தேவையில்லை. 2016 இல் தோன்றிய சாப்போ டிராப் அவுஸ் நேயர் சந்தாவால் வளர்ந்தது. ஒபாமாவின் முன்னாள் உதவியாளர்கள் 2017 சனவரியில் பாட் சேவ் அமெரிக்காவைத் தொடங்கினர்.

உடன்பாடுடையோரிடமே பேசுகின்றன என்பது இவற்றின்மீதான விமர்சனம் ஆகும். 2024 தேர்தலில் டிரம்ப், ஜோ ரோகன் முதலியோரின் பொதுவான வலையொலிகளில் தோன்றி, அரசியல் செய்திகளை அதிகம் நாடாதோரையும் அணுகியபின் இவ்விமர்சனம் வலுப்பெற்றது.