டாக்டர் பாரதி மேல இன்னும் தீராத கோபம்!

2024 அக்டோபர். காசிமேட்டில் ஒரு வீடு. டி.வி.யில் 'பிக் பாஸ்' எட்டாவது சீசன் தொடக்க விழா. போட்டியாளர்கள் ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். அருண் பிரசாத் சிரித்த முகத்தோடு கையசைக்கிறார். கட்டிலில் சாய்ந்திருந்த ஆயா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஏய், இவன்தான கண்ணம்மாவைத் தொரத்துனவன்? மாத்துடி சேனலை!"

"ஆயா, அது சீரியல். இவரு பேரு அருண்."

"இன்னா பேரா இருந்தா இன்னா? புள்ளத்தாச்சிப் பொண்ண சந்தேகப்பட்டவன்தான?"

பேத்தி சேனலை மாற்றவில்லை. ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் காது மட்டும் டி.வி. பக்கமே இருந்தது.

சீரியலில் வில்லன்களுக்குத் திட்டு விழுவது புதிதல்ல. சினிமாவில் நம்பியாருக்கு விழாத சாபமா? நிஜத்தில் அவர் பெரிய ஐயப்ப பக்தர் என்பது பிறகுதான் பலருக்கும் தெரிந்தது. ஆனால் டாக்டர் பாரதியின் கதை வேறு. அவர் வில்லனாக வரவில்லை. 'பாரதி கண்ணம்மா' 2019-ல் விஜய் டி.வி.யில் தொடங்கியபோது, வீட்டில் பெண்பிள்ளை வைத்திருந்தவர்கள் எல்லாம் 'மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்' என்று சொன்ன ஆள் அவர்.

மறந்தவர்களுக்குச் சின்ன ரீகேப். கண்ணம்மா கறுப்பான பெண். மாற்றாந்தாய் கொடுமையில் வளர்ந்தவள். பாரதி வசதியான வீட்டு டாக்டர். நிறம் பார்க்காமல் குணம் பார்த்துக் காதலிக்கிறார். 'கறுப்பு மருமகள் வேண்டாம்' என்று எதிர்த்த அம்மா சௌந்தர்யாவையும் மீறிக் கல்யாணம் செய்கிறார். ரோஷினி ஹரிப்ரியனும் அருண் பிரசாத்தும் திரையில் சேர்ந்து நின்றாலே போதும், வீட்டில் ரிமோட்டை யாரும் தொட மாட்டார்கள். ஃபேர்னஸ் க்ரீம் விளம்பரத்துக்கு நடுவே அப்படி ஒரு ஹீரோ வந்தது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் வந்தாள் வெண்பா. பாரதியை ஒருதலையாகக் காதலிக்கும் டாக்டர் தோழி. பாரதிக்குக் குழந்தையே பிறக்காது என்று அவரையே நம்பவைத்துவிடுகிறாள். அந்த நேரம் பார்த்துக் கண்ணம்மா கர்ப்பம். அவ்வளவுதான். உலகத்தையே எதிர்த்து அவள் கையைப் பிடித்தவர், அவள் வயிற்றில் இருப்பது யாருடைய குழந்தை என்று கேட்டார்.

2020. கொரோனா ஊரடங்கில் மாதக்கணக்கில் ஷூட்டிங் நின்று, சீரியல்கள் மறுபடி தொடங்கியிருந்த நேரம். நிறைமாதக் கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினாள். நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். இன்றைக்கு முடியும், நாளைக்கு முடியும் என்று பார்த்தால் ஒவ்வொரு எபிசோடிலும் நடை. மீம் கிரியேட்டர்களுக்கு விருந்துதான். கண்ணம்மாவைக் கத்தரித்துக் கண்ட கண்ட படத்தில் எல்லாம் ஒட்டி நடக்கவிட்டார்கள். சீரியலே பார்க்காத காலேஜ் பையன்களுக்கும் கண்ணம்மாவைத் தெரிந்தது அப்போதுதான்.

ஊர் சிரித்தது. காசிமேட்டு ஆயாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

துறைமுகத்தில் மீன் ஏலம் நடப்பது ஊர் தூங்குகிற நேரத்தில். விசைப்படகுகள் கரைக்கு வந்து வஞ்சிரம், சங்கரா, இறால் என்று கூடை கூடையாக இறங்கும்போது அங்கே நின்றால்தான் நல்ல சரக்கு கிடைக்கும். ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, தெருத்தெருவாக விற்கிற பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மணி ஒன்றோ இரண்டோ இருக்கும். ஆயாவும் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படிக் கிளம்பியவர். ஆயாவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவர் இருந்தவரை ஒரு கேள்வி ஓயவில்லை என்பதைப் பேத்தியிடம் ஒரே ஒரு தடவைதான் ஆயா சொல்லியிருக்கிறார். ஏலம் முடிந்து இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்ற கேள்வி. அவள் கொண்டுவந்த காசில் சாப்பிட்டுக்கொண்டே கேட்ட கேள்வி.

கெட்டவன் கேட்டிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன் என்பார் ஆயா. கல்யாணமான புதிதில் அவரும் நல்லவர்தானாம். கூடையைத் தூக்கி விடுவாராம், விடியற்காலையில் டீ வாங்கி வந்து கொடுப்பாராம்.

பாரதியின் மேல் இருக்கிற கோபம் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரியும்.

சன் டி.வி.யின் 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களை வாய் திறக்க விடாதவர், படித்த மருமகள்களை அடுப்படியிலேயே வைத்திருந்தவர். மனிதர் முதல் நாளிலிருந்தே அப்படித்தான். ஆனாலும் மாரிமுத்துவின் நடிப்பையும் 'இந்தாம்மா ஏய்' என்ற அதட்டலையும் ஊரே கொண்டாடியது. 2023 செப்டம்பர் 8-ம் தேதி அந்த சீரியலின் டப்பிங்கின்போது மாரடைப்பில் அவர் இறந்தபோது, குணசேகரனைத் தினமும் திட்டித் தீர்த்த வீடுகளிலேயே கண் கலங்கினார்கள். குணசேகரன் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தேதான் பார்த்தோம். பாரதியை நம்பினோம்.

டிராகன்களோடு வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ரசிகர்களுக்கும் இதே காயம் உண்டு. அடிமைகளை விடுவித்த டெனெரிஸ், 2019-ல் கடைசி சீசனில், சரணடைந்த நகரத்தையே எரித்தாள். அவள் பட்டப்பெயரைப் பெண் குழந்தைக்கு வைத்த பெற்றோர் திகைத்துப்போனார்கள். அந்த சீசனையே மறுபடி எடுக்கச் சொல்லி 10 லட்சத்துக்கும் அதிகமானோர் ஆன்லைனில் கையெழுத்துப் போட்டார்கள். நம் ஊரில் கையெழுத்து எல்லாம் இல்லை. 'நீயே டாக்டர்தானேடா, இன்னொரு லேப்ல ஒரு டெஸ்ட் எடுத்துத் தொலையேன்' என்று டி.வி.யைப் பார்த்துக் கத்துவதோடு சரி.

அந்தக் கத்தலில் நியாயம் இருந்தது. ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்திருந்தால் கதை ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். முடியக் கூடாதே, அதுதானே பிரச்னை! தினசரி சீரியலுக்கு வருஷத்துக்கு 250 எபிசோடுக்குமேல் வேண்டும். ஜோடி சேர்ந்துவிட்டால் கதை படுத்துவிடும். புதுப் பிரச்னையை வெளியிலிருந்து கொண்டுவந்தால் புது செட், புது நடிகர் என்று செலவு. வீட்டுக்குள்ளேயே ஒரு நல்லவரைக் கெட்டவராக்கினால் செலவு ஏதும் இல்லை. மறுநாள் இவன் திருந்தினானா என்று பார்க்க ஆளும் வரும். வாராவாரம் வரும் டி.ஆர்.பி.க்கு நம் கோபமும் பாசமும் ஒரே கணக்குதான். 'கோலங்கள்' அபியைக் கட்டிய பாஸ்கர் முதல் 'பாக்கியலட்சுமி' கோபி வரை இந்த ரூட் பழகிய ரூட்.

இந்தக் கதை தமிழில் பிறந்ததும் இல்லை. மலையாள 'கறுத்தமுத்து'தான் மூலம். தெலுங்கில் அதே கதை 'கார்த்திக தீபம்'. மூன்று மொழியிலும் படித்த டாக்டர் ஒருவர் வருஷக்கணக்கில் டெஸ்ட் எடுக்காமல் சந்தேகப்பட்டார், மூன்று மொழிக்காரர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. கறுப்பு என்று கண்ணம்மாவை வெறுத்த மாமியார் சௌந்தர்யா, நடுவில் மனம் மாறி அவள் பக்கமே நின்றார். அந்த மாற்றத்தை யாரும் குறை சொல்லவில்லை. ரூபா ஸ்ரீ வரும் காட்சிகளுக்குத் தனி ரசிகர் கூட்டமே சேர்ந்தது. கெட்டவர் நல்லவரானால் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். நல்லவர் கெட்டவரானால் மட்டும் எழுதியவரைத் தேடுகிறோம்!

கண்ணம்மா ஏன் டெஸ்டுக்குப் போக வேண்டும் என்று கேட்ட பெண்களும் உண்டு. ஒழுக்கத்தை நிரூபிக்க லேப் ரிப்போர்ட்டா என்பது அவர்கள் கேள்வி. சட்டமும் கிட்டத்தட்ட அவர்கள் பக்கம்தான். திருமண வாழ்க்கையில் பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். குழந்தைக்கு வழக்கம்போல டி.என்.ஏ. டெஸ்ட் உத்தரவிட்டுவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது 2023 பிப்ரவரியில். தற்செயல்தான், 'பாரதி கண்ணம்மா' முதல் பாகம் முடிந்ததும் அதே மாதம். அதற்குள் நான்கு வருஷமும் ஆயிரம் எபிசோடும் ஓடியிருந்தன. 2021-ன் கடைசியில் ரோஷினியே விலகி, கண்ணம்மாவாக வினுஷா தேவி வந்துவிட்டார். முகம் மாறிய கண்ணம்மாவைக்கூடக் கொஞ்ச நாளில் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆயா அதையெல்லாம் பார்க்கவில்லை. கண்ணம்மா நடக்கத் தொடங்கிய வாரத்தோடு நிறுத்திவிட்டார். பேத்தி கூப்பிட்டால், அந்த நேரத்துக்குக் கருவாட்டை எடுத்து வைக்கப் போய்விடுவார்.

பிக் பாஸ் சில வாரம் ஓடியது. ஆயா தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்தார். சமையலறையில் அருண் பாத்திரம் தேய்த்த ஒரு நாள், 'தேய்க்கத் தெரியுது' என்று முனகியதாகப் பேத்தி சொல்கிறாள். அடுத்த நாமினேஷனில் அவர் பெயர் வந்தது. பேத்தி மொபைலை எடுத்தாள்.

"ஓட்டு போடட்டுமா ஆயா?"

"அவன் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டானா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல."

"கேட்டுட்டான் ஆயா. கடைசில கேட்டுட்டான்."

ஆயா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"எத்தினி வருஷம் கழிச்சி?"