லேடாங் மலைத் தடமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

மலாக்கா மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில், லிங்கி ஆற்றங்கரையில் இருக்கிறது லூபோக் சீனா. கிழக்கு ஓரத்தில், ஜொகூர் எல்லையில், 1276 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது குனோங் லேடாங். இவ்விரண்டுக்கும் இடையே செல்வோர் கண்ணில் படுவன செம்பனையும், ஆங்காங்கே பால்மரமும், ஊர்களும், தொழிற்பேட்டைகளுமே. காடு என்று சொல்லத்தக்கது மிகச் சிறிதளவே எஞ்சியிருக்கிறது. எஞ்சிய அக்காட்டினுள் செல்லும் நடைத்தடங்களைப் பற்றி இன்று எழுத விரும்புகிறோம். விலைவாசியும் வேலையின்மையும் நெருக்கும் நாளில் மலையேறும் பொழுதுபோக்குக்கு ஒரு தலையங்கமா என்று கேட்போர் உண்டு. வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிக் காட்டுக்குள் கால்வைத்தவர் பலர் திரும்பி வராததனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இம்மாநிலத்தின் காடு ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரவள்ளி பயிரிட்ட சீன வணிகர்கள் காட்டை வெட்டி எரித்து நிலம் பிடித்தனர். மண் களைத்ததும் வேறிடம் பெயர்ந்தனர். அம்முதலாளிகளுள் ஒருவரான டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அது என்பர். அடுத்து, லேடாங் மலையின் அடிவாரத்துப் புக்கிட் அசகானில் இன்னும் பெரும்பரப்பில் நட்டார். அதன்பின் நிகழ்ந்ததை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கப்பலேறி வந்த தமிழர் கையில் முதலில் கோடரியும் பின்னர் பால்வெட்டுக் கத்தியும் கொடுக்கப்பட்டன. காடு அவர்களுக்குக் கற்கும் இடமாக வாய்க்கவில்லை. வேலைக்களமாகவும் அச்சமாகவுமே வாய்த்தது. வெட்டித் தீர்த்த இடத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் எழுந்தது, கோயில் எழுந்தது, பள்ளி எழுந்தது. வேலிக்கு அப்பால் நின்ற மலையை நாள்தோறும் பார்த்திருந்தும் அதன் உள்ளே செல்லும் வழியை நாம் அறிந்துகொள்ளவில்லை.

நடை நமக்குப் புதிதன்று. 1967-இல் அதே புக்கிட் அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் நோக்கி நடந்தே புறப்பட்டார்கள். உரிமைக்காகத் தார்ச்சாலையில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கொல்லைப்புறத்து மலையில் ஒருநாளும் ஏறாமலே வளர்ந்து நகரங்களுக்குச் சென்றுவிடுகிறார்கள்.

அந்த மலையில் ஏறியவர்களின் வரிசை சிறிதன்று. 1854-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கில இயற்கையறிஞர் மலாக்காவிலிருந்து புறப்பட்டு லேடாங்கை அடைந்தார். வழியோரப் புல்லிலும் இலையிலும் அட்டைகள் உடலை நீட்டிக் காத்திருந்ததையும், பாடாங் பத்து என்னும் பாறைச்சரிவில் நீர் கிடைக்காமல் குடுவைச்செடிகளில் தேங்கிய நீரைப் பூச்சிகள் கிடக்கக் கண்டும் குடித்துத் தாகம் தணித்ததையும் 1869-இல் வெளியான தம் நூலில் எழுதி வைத்தார். அவருடைய மூட்டைகளைச் சுமந்து உடன் ஏறியவர்கள் மலாய்க்காரர்கள். இன்று மலையேறுவோர் வாலஸின் பெயரைச் சொல்கிறார்கள். சுமந்தவர்களின் பெயரைச் சொல்வார் இல்லை. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தஹானின் கதை சற்று மேலானது. 2187 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியை 1905-இல் முதலில் எட்டியவர்கள் ராபின்சன் என்னும் ஆங்கில இயற்கையறிஞர் அனுப்பிய குழுவைச் சேர்ந்த மலாய்க்காரர் நால்வர் என்று பதிவுகள் கூறுகின்றன. உச்சிக்குச் செல்லும் வழி எப்போதும் அடிவாரத்து மனிதரிடம் இருந்தே வந்திருக்கிறது என்பதை நினைவிற் கொள்க.

காட்டுத்தடம் என்பது யாரோ ஒருமுறை வெட்டி முடித்துவிட்ட பாதையன்று. மழைக்காட்டின் மேல்மண் மெல்லியது. அதன் வளமெல்லாம் உதிர்ந்த இலையிலும் மேலோடும் வேரிலுமே அடங்கியிருக்கிறது. ஆயிரம் கால்கள் ஒரே கோட்டில் மிதித்தால் மண் இறுகுகிறது. நீர் உள்ளிறங்க மறுத்துத் தடத்தின் வழியே ஓடுகிறது. ஓராண்டு மழைக்குள் தடம் ஒரு வாய்க்காலாகிறது. வேர்கள் வெளியே தெரிகின்றன. வழுக்கலுக்கு அஞ்சியவர்கள் ஓரமாக ஒதுங்கி நடக்கத் தடம் இருமடங்கு அகல்கிறது. வளைந்து ஏறும் இடத்தில் பொறுமையற்ற ஒருவர் நேர்க்குத்தாக இறங்கிவிட்டால், அடுத்த வாரமே அது குறுக்குவழியாகிறது. அடுத்த பருவமழையில் அது சரிவாகிறது. மிதிபட்ட நிலத்தில் விதை முளைப்பதில்லை. இதைத் தடுக்கும் முறைகள் பழையவை, எளியவை. தடத்தின் குறுக்கே சாய்வாக மரத்துண்டோ கல்லோ பதித்து நீரைப் பக்கத்துக் காட்டுக்குள் திருப்பிவிட வேண்டும். செங்குத்தான இடத்தில் படி அமைக்க வேண்டும். குறுக்குவழியை விழுந்த மரங்களால் அடைக்க வேண்டும். சில தடங்களைச் சில திங்கள் மூடி வைக்க வேண்டும். இவையெல்லாம் இயந்திரம் செய்யும் வேலையல்ல. மழை பெய்த மறுநாள் காலையில் மண்வெட்டியோடு சென்று பார்க்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் நூறு கல் தொலைவிலிருந்து வர இயலாது.

ஆபத்தை அறிவதற்கும் அப்படிப்பட்ட உள்ளூர் ஆளே வேண்டும். லேடாங்கின் சாகில் பக்கத்து அருவியிலும் அசகான் பக்கத்து ஓடைகளிலும் விடுமுறை நாளில் கூட்டம் குவிகிறது. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கையில் மேலே மழை கொட்டியிருக்கும். சிறிது நேரத்தில் நீர் நிறம் மாறும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், ஓசை கனக்கும். அப்போதே கரையேறாதவருக்குப் பிறகு நேரமில்லை. மலாய்க்காரர் ‘கெப்பாலா ஆயர்’ என்று இதைச் சொல்வர். குளித்துக் களிக்கும் நகரத்துக் குடும்பத்துக்கு அந்த அடையாளங்கள் தெரியா. அடிவாரத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். ஆபத்து நீரில் மட்டுமில்லை. 2022 திசம்பர் 16 விடியலுக்கு முன் சிலாங்கூரின் பத்தாங் காலியில் மலைச்சரிவு ஒரு முகாமை மூடியபோது 31 உயிர்கள் மடிந்தன. முகாம் நடத்த உரிமம் இல்லாத இடம் அது.

கடலுக்கு அப்பாலும் இதே பாடம். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்ற இளைஞர்களையும் பெண்களையும் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிய அனுமதியில்லாத தடத்தில், தீயின் போக்கறிந்த உள்ளூரார் துணை போதாமல் சென்றவர்கள் அவர்கள். அதன்பின் தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது; 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களை முறைப்படுத்தித் திறந்தது. பழங்குடியினரையும் வனத்தையொட்டிய ஊர்களின் இளைஞரையும் பயிற்றி வழிகாட்டிகளாக அமர்த்தியது அத்திட்டத்தின் நற்கூறு. உயிர்கள் போன பின்னரே வந்தது என்னும் குறை இருப்பினும், வந்த வழி சரியானது.

வழிகாட்டி என்பவரைச் சுமைகூலியாக எண்ணும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2015 ஜூன் 5 காலையில் சபாவின் கினபாலு மலை நிலநடுக்கத்தால் அதிர்ந்து பாறைகள் உருண்டபோது 18 பேர் இறந்தனர். வழிகாட்டிகளும் அவர்களுள் இருந்தனர். உதவி வந்து சேருமுன் காயமுற்றோரைச் சுமந்து இறக்கியவர்கள் அம்மலையடியின் தூசுன் மக்களே.

வழியறிந்தவரின் அருமையைத் தமிழர் அயலாரிடம் கற்க வேண்டிய தேவையும் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னன் என்னும் மன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியை உரைக்கும் நூல். பன்றிக்கு வெட்டிய குழிகள் எங்கே, பாம்பு மறைந்திருக்கும் இடம் எது, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, வழுக்கும் கரையில் எதைப் பற்றி நடப்பது என்று அந்நூல் ஒவ்வொன்றாகச் சொல்லும். வழிகள் பிரியும் இடத்தைத் துடைத்து, பின்வரும் புதியோர் அறியுமாறு புல்லை முடிந்து வைத்துச் செல்லவும் அது பணிக்கிறது. இன்றைய பூங்காக்களில் மரத்தில் கட்டும் வண்ணநாடாவின் வேலையைத்தான் அந்தப் புல்முடிச்சு செய்தது. மேடையில் சங்கத் தமிழை முழங்கும் நம் இயக்கங்கள் இப்பகுதியை இளைஞர்க்குப் படித்துக் காட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

லேடாங்கில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. மலை ஒன்று, ஆட்சி இரண்டு. நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஆகவே உச்சியும் சாகில் வழியும் ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழும், அசகான் பக்கத்துச் சரிவு மலாக்கா அரசின் கீழும் வருகின்றன. ஒருபுறம் தடத்தை மூடினால் மறுபுறம் வழியாக ஏறத் துணிவோர் இருப்பர். இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. 1939-இல் முழுமை பெற்ற தாமான் நெகாரா என்னும் தேசியப் பூங்கா, பகாங், கிளந்தான், திரங்கானு என்னும் மூன்று மாநிலங்களில் 4343 சதுரக் கிலோமீட்டர் பரந்தது. மூன்று சட்டங்களின்படி எழுந்தும் ஒரே துறையின் மேற்பார்வையில் இயங்குகிறது. அங்கே தஹான் ஏறுவோர் கொண்டுசெல்லும் பொருள்களை எண்ணிப் பதிந்து, இறங்கும்போது குப்பையோடு சரிபார்க்கிறார்கள். மூன்று சுல்தான்களின் மாநிலங்கள் 1939-இலேயே இணங்க முடிந்ததென்றால், அண்டை மாநிலங்கள் இரண்டு ஒரே பதிவேட்டுக்கு இணங்குவது அரிய செயலாகாது. அனுமதிச் சீட்டு, நாளொன்றுக்கு ஏறுவோர் தொகை, மழைக்கால மூடல், மீட்புக் குழு ஆகிய நான்கும் பொதுவாக வேண்டும். தடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. இருப்பவற்றுள் சிலவற்றை மூடுவதே நலம் என்பது எம் துணிபு. சுற்றுலா வருவாய் குறையும் என்று முணுமுணுப்போரிடம் கேட்க விரும்புவது ஒன்றே: சரிந்த மலைக்குச் சுற்றுலா யார் வருவார்?

மாலிம் குனோங் எனப்படும் மலைவழிகாட்டிப் பயிற்சி இந்நாட்டில் உண்டு, உரிமம் உண்டு, ஊதியமும் உண்டு. அசகான், ஜாசின், தங்காக் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நம் இளைஞருள் அவ்வுரிமம் பெற்றவர் எத்தனை பேர்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர், லயங்கள் ஒழிந்தன. தோட்டம் விட்டவர்களுக்கு மலாய் மொழி தெரியும், மண் தெரியும், வெயிலும் மழையும் பழகியவை. மலையடியில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் அம்மலையின் காவலுக்கு உரியவர்கள் என்று அரசிடம் எடுத்துரைக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அவ்வுரிமைக்காகக் குரல் கொடுக்க வேண்டிய நம் தலைவர்களோ, மானியமும் பரிசும் வழங்கும் நிழற்படங்களுக்கே நேரம் போதாதவர்களாக இருக்கிறார்கள்.

லூபோக் சீனாவின் பெற்றோருக்கு லேடாங் தொலைவு என்றால், அருகிலேயே ஒரு தொடக்கம் இருக்கிறது. போர்ட் டிக்சன் கடற்கரையையொட்டி நீளும் தஞ்சோங் துவான், நெகிரி செம்பிலான் நிலம் சூழ்ந்திருந்தும் மலாக்காவுக்கே உரியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் விளக்கேற்றிய அம்முனையில் இன்றும் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதைச் சுற்றிப் பழங்காடு நிற்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சுமத்ராவின் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து தேன்பருந்துகள் வடக்கே திரும்புகின்றன. கடலின் மேல் அவற்றைத் தூக்கும் வெப்பக்காற்று இல்லாமையால், களைத்துத் தாழப் பறந்து கலங்கரை விளக்கத்தின் தலைக்கு மேலாகவே கரையேறும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் அங்கே பருந்து நோக்கும் விழா நடத்தி வருகிறது. தடம் குறுகியது, பத்து வயதுப் பிள்ளையும் நடக்கலாம்.

பேரங்காடிக்கும் நீர்விளையாட்டுப் பூங்காவுக்கும் ஆண்டுதோறும் பேருந்து பேசும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், வரும் மார்ச்சில் ஒரு காலைப்பொழுதைத் தஞ்சோங் துவானுக்கு ஒதுக்க வேண்டும். மலாக்கா வனத்துறை அசகான் வட்டாரத்து இளைஞர்க்கு இவ்வாண்டே வழிகாட்டிப் பயிற்சி தொடங்கி, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடம் குறித்து வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் இரு மாநில அதிகாரிகளும் லேடாங்கின் பொதுப் பதிவேட்டைப் பற்றிப் பேசி முடிக்க வேண்டும். பேசினார்களா என்பதை நம் சட்டமன்ற உறுப்பினர்கள் அவையில் கேட்க வேண்டும்.