எந்தக் கென்னடியோடு ஒப்பிடுவது?

2008 ஜனவரி இறுதியில், தம் தந்தையைப் போன்றதொரு ஜனாதிபதியைப் பராக் ஒபாமாவிடம் காண்பதாக ஜான் கென்னடியின் மகள் கரோலின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதியதும், மறுநாளே கென்னடியின் கடைசித் தம்பியும் ஸெனட் சபையின் மூத்த அங்கத்தினருமான எட்வர்ட், வாஷிங்டனில் ஒரு சர்வகலாசாலை மேடையில் தோன்றி அதே அபேட்சகரை ஆசீர்வதித்ததும், அதுவரை பேச்சளவில் இருந்த ஒப்புமையைப் பட்டாபிஷேகமாகவே ஆக்கிவிட்டன. இளமை, வாக்கு வன்மை, இப்படிப்பட்ட ஒருவரை ஜனங்கள் ஏற்பார்களா என்று எழுந்த சந்தேகம் (1960-இல் அது கத்தோலிக்க மதம் பற்றியது, 2008-இல் நிறம் பற்றியது) ஆகிய யாவும் பொருந்தியே இருந்தன.

ஆயினும், இவ்வாறு ஒப்பிடுகிறவர்கள் கொண்டுவந்து நிறுத்தும் கென்னடி, 1962 அக்டோபரில் கியூபாவில் ஸோவியத் ஏவுகணைகள் தென்பட்டபோது, குண்டு வீசியே தீரவேண்டும் என்ற சேனாதிபதிகளுக்கு இணங்காமல் நிதானம் காத்தவர். மறு வருஷம் டல்லாஸில் 46 வயதிலேயே மாண்டு, மூப்பும் தளர்ச்சியும் அணுகாத ஸ்மரணையாக ஜனங்களின் மனத்தில் தங்கிவிட்டவர். அவரோடு ஒப்பிட்டால் எந்த அபேட்சகரும் ஒன்று தேவனாவார், அல்லது தூசியாவார். நியாயமாக ஒப்பிட வேண்டியது 1960-இல் வோட்டுக் கேட்டு நின்றவரை அல்லவா?

அவரோ, பதினான்கு வருஷம் காங்கிரஸில் அமர்ந்திருந்தும், தம் கட்சியின் முன்னாள் ஜனாதிபதியாகிய ட்ரூமனாலேயே, இந்தப் பொறுப்புக்கு ஆயத்தமா, சற்றுப் பொறுக்கலாகாதா என்று பகிரங்கமாகக் கேட்கப்பட்டவர். 1954-இல் மெக்கார்த்தியைக் கண்டிக்கும் தீர்மானம் ஸெனட்டில் வந்தபோது, முதுகில் ரணசிகிச்சை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தவர், தம் கருத்தையேனும் தெரிவிக்கவில்லையே என்ற குறை எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாருக்குத் தீரவே இல்லை. ஏவுகணைகளில் அமெரிக்கா ரஷ்யாவுக்குப் பின்தங்கிவிட்டது என்று அவர் செய்த பிரசாரமோ, அவர் பதவியேற்ற மறுமாதமே, அவருடைய பாதுகாப்பு மந்திரியின் வாயாலேயே ஆதாரமற்றதாயிற்று. 1961 ஏப்ரலில் பன்றிகள் வளைகுடாவில் நேர்ந்த அவமானத்துக்குப் பின்னர்தான், நிபுணர்களின் நிச்சயத்தைச் சந்தேகிக்க அவர் கற்றுக்கொண்டார் என்று நான் கருதுகிறேன். தேர்தல் மேடையில் அந்தப் படிப்பின் சாயலைக்கூட ஒருவரிடம் தேட முடியாது. ஆகவே, ஸெனட்டில் மூன்று வருஷமே இருந்தவர் என்று ஒபாமாவைக் குறை கூறியவர்களும், கென்னடியே மீண்டு வந்தார் என்று மகிழ்ந்தவர்களும், வருங்காலத்தைப் பற்றிச் சமமாகவே அறியாதிருந்தார்கள்.

கென்னடியின் கீர்த்தியோடு சேர்த்துப் பேசப்படும் சம உரிமைச் சட்டமோ, அவர் மரித்தபோது காங்கிரஸிலேயே சிக்கிக் கிடந்தது. 1964 ஜூலையில் அதை நிறைவேற்றிக் கையெழுத்திட்டவர், ஸெனட்டின் உள்வழிகளையெல்லாம் கரைத்துக் குடித்திருந்த லிண்டன் ஜான்சன். மார்ட்டின் லூதர் கிங்கின் கனவு நனவாகத் தொடங்கியது ஜான்சன் சட்டம் இயற்றியபோதுதான், அதற்கு ஒரு ஜனாதிபதி தேவைப்பட்டார் என்று அதே 2008 ஜனவரியில் ஹிலாரி கிளிண்டன் நினைவூட்டினார். அவர் சொன்னதில் சரித்திரப் பிழை இல்லை. ஆனால் கிங்கைச் சிறுமைப்படுத்திவிட்டார் என்ற கண்டனமே அவருக்குக் கிடைத்தது. ‘இவர் இன்னொரு ஜான்சன்’ என்று எந்த அபேட்சகரையும் எவரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.